மூலம் ஒன்று, பிரதி பல

மேலைநாட்டு இசையிலே பல வாத்தியங்கள் கூடி இசைக்கும் ஓர் உருப்படிக்கு ஒரேவகை இசைத்தாள் போதாது. இசைக்குழுவை நடத்துபவருக்கு எல்லா வாத்தியங்களையும் ஒருங்கே காட்டும் முழுத்தொகுப்பு வேண்டும். வாசிப்போர் ஒவ்வொருவருக்கும் தத்தம் பங்கு மாத்திரம் அமைந்த தனித்தாள் வேண்டும். பி-பிளாற் கிளாரினெற்று, எழுதப்பட்டதிலும் ஒரு முழுச்சுரம் தாழ்ந்து ஒலிப்பதாதலின், அதற்குரிய தாளை அவ்வளவு உயர்த்தி எழுதல் வேண்டும். இவ்வாறு ஒரே இசை பல வடிவங் கொள்ளுகின்றது. அவ்வடிவங்களைத் தனித்தனியே எழுதுவதா, ஒரே மூலத்திலிருந்து யாவற்றையும் பிறப்பிப்பதா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. மூலத்தைப் பேணுவதே முறை என்றும், அதனைப் பொதுவில் வைப்பதே அறம் என்றும் நாம் கருதுகின்றோம்.

பெயர்த்தெழுதுந்தோறும் பிழை புகும் என்பது ஏடெழுதினோர் வழிவந்த நமக்குப் புதிதன்று. பீதோவனின் ஐந்தாம் சிம்பனி இதற்குத் தக்க சான்றாகும். 1809ஆம் ஆண்டில் அதன் தனித்தாள்கள் அச்சேறியபொழுது, மூன்றாம் பகுதியில் இரண்டு தாளக்கட்டங்கள் மிகையாய் நுழைந்துவிட்டன. முன் வந்ததை மீட்டும் வாசிப்பதற்கென எழுதியதும், மீட்டாது மேற்செல்வதற்கென எழுதியதும் ஒருங்கே அச்சேறியமையே காரணம் என்பர். மறு ஆண்டிலேயே பீதோவன் இதனைப் பதிப்பாளருக்குக் கடிதவாயிலாக அறிவித்தார். ஆயினும் அச்செய்தி உலகறிய வெளிப்பட்டது 1846ஆம் ஆண்டிலேதான். அவர் மறைந்து அப்பொழுது 19 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்று கணினி இவ்விடர்ப்பாட்டுக்கு வழிகாட்டுகின்றது. ஒல்லாந்து நாட்டினராகிய ஹான்-வென் நின்ஹூய்ஸ், யான் நியூவன்ஹுயிசன் என்னும் இருவர் 1996இல் தொடங்கிய லிலிபொண்ட் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அதிலே இசை வெறும் எழுத்தாகவே கோப்பில் எழுதப்படுகின்றது. குழலின் பங்கிற்கு ஒரு பெயர், வயலினின் பங்கிற்கு ஒரு பெயர் என இட்டு ஒருமுறை எழுதிவிட்டால், முழுத்தொகுப்பும் தனித்தாளும் அப்பெயர்களைச் சுட்டியே அவ்விசையை வருவித்துக்கொள்ளும். சுரத்தை உயர்த்தவுந் தாழ்த்தவும் ஒரு கட்டளை போதும். ஒரு பிரதிக்கு மட்டும் உரிய பகுதிக்கு அடையாளச் சீட்டு இட்டுவைத்தால், அது வேண்டுமிடத்துத் தோன்றும், வேண்டாவிடத்து மறையும். பீதோவனின் அவ்விரு கட்டங்களுக்கு வேண்டியிருந்தது இத்தகைய சீட்டேயன்றோ? மூலத்தில் ஒரு சுரத்தைத் திருத்தினால், மறுமுறை பிறப்பிக்கும்பொழுது எல்லாப் பிரதிகளுந் திருந்திவிடும்.

மூலம் ஒன்றேயாயின் அதிலுள்ள பிழையும் எங்கும் பரவுமே என்பாருளர். அவர் கூற்று மெய்யே. அன்றியும், முழுத்தொகுப்பையும் தனித்தாளையும் ஒப்புநோக்கிப் பிழைகாணும் பழைய வழியும் அடைபட்டுப்போம். இது பற்றியே மூலம் பலர் கண்ணிலும் படல்வேண்டும் என்கின்றோம். ஒருவர் பெட்டியிற் பூட்டிய மூலத்தின் பிழையை ஒருவரே காணல்கூடும்.

இனி, ஒரே மூலம் பாடபேதங்களை அழித்துவிடும் என அஞ்சுவாரும் உளர். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கிய உழைப்பை அறிந்தவர்கள், பாடபேதத்தின் அருமையையும் அறிவர். நல்ல மூலக்கோப்பு பேதங்களை அழிப்பதன்று. ஒவ்வொன்றையும் பெயரிட்டு அருகருகே வைத்துக் காப்பதாகும்.

பொதுவில் வைத்தல் இயலுமோ என்னும் ஐயமும் வேண்டா. 1741இல் வெளிவந்த பாக் என்பாரின் கோல்ட்பேர்க் வேறுபாடுகள் என்னும் உருப்படி, 2012ஆம் ஆண்டில் மியூஸ்கோர் என்னும் மென்பொருளின் வாயிலாகப் புதிதாய் எழுதப்பெற்று, கிமிக்கோ இஷிசாக்காவின் பியானோ ஒலிப்பதிவோடு, எவ்வுரிமையும் நிறுத்திவைக்கப்படாது உலகுக்கு அளிக்கப்பட்டது. மூலக்கோப்பே கிடைப்பதனால், வேண்டியவர் தம் வாத்தியத்துக்கேற்ப அதனை மாற்றிக்கொள்ளலாம். கண்ணொளி இழந்தார் விரலால் தொட்டுணரும் பிறெயில் இசைக்குறியீட்டையும் இத்தகைய மூலங்களிலிருந்து ஆக்கலாம். பக்கத்தின் படத்தை மாத்திரந் தருதல், சோற்றை இட்டு விதைநெல்லை ஒளித்துவைத்தலை ஒக்கும். உரிமைக்காலம் முடியாத இசையை மட்டும் உரியவர் இசைவின்றிப் பரப்புதல் தகாது.

பெறுவோர்க்குங் கடமை உண்டு. பக்கம் புரட்டும் இடம், வரிகளின் இடைவெளி என்பன ஒவ்வொரு பிரதிக்கும் வேறுபடுவன. அவற்றை இசையோடு கலவாது வேறு கோப்பில் வைத்தல்வேண்டும். கண்ட பிழையைத் தம் கையிலுள்ள தாளில் மட்டுந் திருத்தி அமைதல் போதாது, மூலத்திற்கு அறிவித்தல்வேண்டும். தாளில் திருத்தியது அத்தாளோடு முடியும். மூலத்தில் திருத்தியது பின்வருவோர் அனைவர்க்கும் பயன்படும். இசையும் கணினியும் ஒருங்கு பயிலும் நம் மாணவர், தாம் எழுதும் ஒவ்வோர் உருப்படியின் மூலத்தையும் பிறர்க்கு உதவுமாறு விட்டுச்செல்வாராக.