மோதிரமும் முத்திரையும்

காஞ்சீபுரம் போகும் வழியில் சுங்குவார்சத்திரத்தில் காப்பி அருந்துவதற்காக நாம் சற்று இறங்கினோம். ஆலைச் சரக்கை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு விரையும் கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு சென்றன. ஒவ்வொன்றின் கதவிலும் எண் பொறித்த சிறு ‘சீல்’ ஒன்று தொங்கிற்று. இத்தனை பெரிய இரும்புப் பெட்டிக்கு இத்தனை சிறிய காவலா என்று நேயர்கள் நகைக்க வேண்டாம். அதை வெட்டாமல் கதவைத் திறக்க முடியாது. வெட்டினால் மறைக்க முடியாது. அவ்வளவுதான் அதனிடம் நாம் எதிர்பார்ப்பது.

இந்த யுக்தி மிகப் பழையது. பைஸாந்திய சாம்ராஜ்யத்து மடங்களிலே துறவிகள் ஓலையை மடித்துக் கயிற்றால் கட்டி, அக்கயிற்றை ஓர் ஈய வில்லையின் துளை வழியே செலுத்தி, இரும்புக் குறட்டால் நசுக்குவார்கள். ஒரு பக்கம் தேவமாதாவோ மடத்துப் புனிதரோ காட்சி தருவர். மறுபக்கம் மடத்தின் பெயர் காணப்படும். அந்த ஓலைகள் பெரும்பாலும் மக்கி மண்ணாயின. ஆனால் அத்தேசத்து அரசர், அதிகாரிகள், மடங்கள் இட்ட ஈய முத்திரைகளோ பல்லாயிரக் கணக்கில் இன்றும் இருக்கின்றன! சொன்ன சொல் போய்விட்டது. சொன்னவர் பெயர் மட்டும் நிற்கிறது.

நம் நாட்டு மடங்களும் இதில் பின்தங்கியவையல்ல. நாலந்தா மகாவிகாரத்து பிக்ஷு சங்கத்தின் களிமண் முத்திரைகள், தர்மசக்கரமும் இரு மான்களும் பொறித்தவை, அகழ்வில் ஏராளமாய்க் கிடைத்தன.

தமிழ்நாட்டில் கதை இன்னும் சுவையானது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் தன் தந்தையின் பெயரால் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, சிவபக்தனாகிய இராஜராஜ சோழன் 1006-ஆம் ஆண்டு வாக்கில் ஆனைமங்கலத்தை வழங்கினான். நிலம் 97 வேலிக்கு மேல். ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல். இராஜராஜன் மறைந்தான். வாய்ச்சொல்லாக விட்டிருந்தால் அந்த நெல்லின் கதி என்னவாகியிருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. மைந்தன் இராஜேந்திரன் தந்தையின் தானத்தை 21 செப்பேடுகளில் வெட்டுவித்தான். ஏடுகளைக் கோத்த பெரிய வளையத்தின் இரு முனைகளும் சேருமிடத்தில் புலியும் இரு மீன்களும் வில்லும் கொண்ட முத்திரையை வைத்துவிட்டான். வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, ஒன்றைப் புகுத்தவும் முடியாது. லாரிக் கதவில் நாம் கண்டதும் இதே சூழ்ச்சிதானே!

சுமார் முப்பது கிலோ எடையுள்ள அந்தச் சாசனத்தை டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து கொண்டு போனார்கள். ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று, அந்நிய ஊர் ஒன்றின் பெயராலேயே அதை நாம் அழைக்க நேர்ந்தது வேதனைதான். நாகப்பட்டினத்தில் பௌத்தத்தின் கடைசிச் சின்னமாக நின்ற செங்கற் கோபுரத்தையும் 1867-ஆம் ஆண்டில் இடித்துத் தள்ளினார்கள். விகாரமும் இல்லை, பிக்ஷுக்களும் இல்லை. ஆனைமங்கலத்து எல்லைகள் மட்டும் அந்தச் செம்பிலே வரி வரியாக இருக்கின்றன.