கொடைக்கானலுக்கு எந்தப் பூப்போட்ட ஃப்ராக்?

கொடைக்கானல் டூர் உறுதியான அன்னைக்கே கிளாஸ் குரூப்ல ரெண்டு விஷயம் ஆரம்பிச்சிடும். ஒன்று, பஸ்ல யார் பக்கத்தில் யார் உட்காருவது. இன்னொன்று, பூப்போட்ட ஃப்ராக். ஏரிக்கரையில் ஒரு போட்டோ, கோக்கர்ஸ் வாக்கில் ஒரு ரீல். அதுக்காகவே ஆன்லைனில் ஒன்று வாங்கி, திரும்பி வந்ததும் பெட்டிக்கு அடியில் போட்டுவிடுவது. வாங்காதீங்கன்னு சொல்ல வரல. பத்து தடவை போடற மாதிரி வாங்குங்கன்னுதான் சொல்றேன்.

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கோங்க. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும், பாடத்தில் படிச்சதுதான். கொடைக்கானல் இருப்பது சுமார் 2,100 மீட்டரில். வத்தலக்குண்டில் 37 டிகிரி அடிக்கிற மே மாத மதியத்தில்கூட மேலே 25-ஐத் தாண்டாது. சாயங்காலம் மஞ்சு இறங்கினால் ஸ்பகெட்டி ஸ்ட்ராப் போட்டவங்க எல்லாம் பசங்ககிட்ட ஜாக்கெட் கடன் கேட்டுட்டு நிப்பாங்க. அதே சமயம், மேலே போகப் போக புற ஊதாக் கதிர் கூடும். குளிருதேன்னு நினைச்சுட்டிருக்கும்போதே தோள் கறுத்துப்போகும். சூரியனை ஆராயவே 1899-ல் ஆய்வகம் அமைத்த ஊர் அது, வெயிலைக் குறைச்சு எடை போடாதீங்க. ஆகவே முழங்கைவரை கை, மேலே ஒரு காட்டன் ஷர்ட்டோ மெல்லிசான ஸ்வெட்டரோ. நீளம் முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே. கணுக்காலை மூடற கவுனோட டால்ஃபின்ஸ் நோஸ் பாதையில், அந்த மர வேர்களுக்கு நடுவே இறங்கிப் பாருங்க, புரியும். காலுக்கு ஷூதான், செருப்பு பஸ்லயே இருக்கட்டும்.

இதை எழுதினா உடனே ஒருத்தர் வருவார்: "ஃப்ராக்கெல்லாம் நம்ம கலாச்சாரமா?" டூர் சர்க்குலர்லயே "சுடிதார், துப்பட்டா கட்டாயம்"னு ஒரு வரி வர்ற காலேஜும் இருக்கு. பசங்களுக்கு அப்படி ஒரு வரியும் இருக்காது, கவனிச்சிருக்கீங்களா? அவங்களுக்கு ஒரு வரலாறு சொல்லணும். 17-ம் நூற்றாண்டில் நம்ம சோழமண்டலக் கரையிலிருந்துதான் பூ வரைந்து சாயம் ஏற்றிய பருத்தித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பா போச்சு. துவைச்சாலும் வெளுக்காத அப்படியொரு பூத்துணியை அங்கே நெய்யவும் தெரியாது, சாயம் போடவும் தெரியாது. மக்கள் அதைத்தான் வாங்கினாங்க. உள்ளூர் நெசவாளர்கள் கொதிச்சுப் போனாங்க. பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்து 1700-ல் இறக்குமதியைத் தடுத்தது. அதுவும் போதாமல் 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடுத்துச் சட்டம் போட்டது. தையல் அவங்களுடையதா இருக்கலாம். பூ இங்கிருந்து போனது.

என் உண்மையான வருத்தம் வேற. கடையில் தொங்குற ஃப்ராக்கில் பாதி ரேயான். ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. நீங்க வாங்குற துணி பழனி மலை மரத்திலிருந்து வந்ததுன்னு நான் சொல்லல. ஆனா அந்த மலையில் வாட்டிலும் தைலமரமும் பைனும் ஏன் நட்டாங்கன்னு கேளுங்க: விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, கூழுக்கு. புல்வெளியை வெறும் தரிசுன்னு நினைச்சாங்க. பழனி மலையில் சுமார் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போயிடுச்சுன்னு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களை வச்சுச் சொல்லுது. அதே 2018-லதான் குறிஞ்சியும் பூத்தது. குறிஞ்சிக்கு வேண்டியது அந்தப் புல்வெளிதான். அடுத்து பூக்க வேண்டியது 2030-ல். அப்போ நீங்க எல்லாம் வேலைக்குப் போயிருப்பீங்க. நாம பைன் காட்டு நிழல்ல, இங்கிலீஷ் ரோஜா போட்ட துணியோட நின்னு "நேச்சர்"னு கேப்ஷன் போடறோம். அந்த மலையோட பூவை ஒரு ஃப்ராக்கிலும் நான் பார்த்ததில்லை.

துணி என்னன்னு தெரியணும்னா உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்க. உருகி மணி மாதிரி கட்டினால் பாலியஸ்டர். காகிதம் எரியற வாசனை வந்தா காட்டனோ ரேயானோ. இன்னொரு நூலை நனைச்சு இழுங்க. லேசா இழுத்ததுமே அறுந்தா ரேயானாத்தான் இருக்கும், நனைஞ்சா அது பலமிழந்துடும். மலை மழைக்கும் ஹாஸ்டல் பக்கெட்டுக்கும் காட்டன்தான் தாங்கும்.

ரெடிமேடே வேண்டாம்னா இன்னொரு வழி இருக்கு. கொடைக்கானல் இருக்கிற அதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் சின்னாளப்பட்டியும். அங்கே ஒரு சுங்குடிச் சேலை எடுங்க. புள்ளிச் சுங்குடியும் உண்டு, பூ அச்சிட்டதும் உண்டு. ஐந்தரை மீட்டரில் தாராளமா சுருக்கு வச்சு ஒரு ஃப்ராக், மிச்சத்தில் தங்கச்சிக்கு ஒரு பாவாடை. தைக்கும் முன்னாடி ஒரு தடவை நனைச்சுக் காயவைங்க, சுருங்கறது அப்பவே சுருங்கட்டும். முதல் சில தடவை தனியா துவைங்க, சாயம் விடும். அப்புறம் டெய்லர் அண்ணாகிட்ட ரெண்டு பக்கமும் பாக்கெட் வைக்கச் சொல்லுங்க. சொல்லாம அவர் வைக்கவே மாட்டார்.