வாதமும் விதண்டாவாதமும்

பூநகரியில் ஒருவருக்குப் பாரிசவாதம் கண்டால், நோயாளியைத் தூக்குமுன் இரண்டு கட்சிகள் எழுந்துவிடுகின்றன. பரியாரியாரை அழைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நாட்டு வைத்தியம் முழுப் பொய், ஆஸ்பத்திரி ஒன்றே கதி என்பது மற்றக் கட்சி. நோயாளியோ வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சிழந்து கிடக்கின்றார். இவ்விரு கட்சிகளின் விதண்டாவாதத்தையும் தோலுரித்துக் காட்டுவதே நமது நோக்கம்.

நம் முன்னோர் இந்நோயை வாதத்தின், அதாவது காற்றின், சீற்றம் என்றனர். சீனரும் இதற்குக் ‘காற்றடி’ என்று பொருள்படும் சொல்லையே இன்றும் வழங்குகின்றனர். உடலினுள்ளே பார்க்கும் வழியற்ற காலத்தில், நின்ற மரம் புயலிற் சாய்வதுபோல் மனிதன் சாய்வதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. அதிலே எள்ளி நகையாட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயரோடு அறிவும் நின்றுவிட வேண்டுமா? மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் வருகின்றது. அடைப்பெனில், உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். வெடிப்பெனில், அதே மருந்து உயிரைக் குடிக்கும். இரண்டையும் பிரித்தறியச் சி.ரி. ஸ்கான் வேண்டும், நாடி பிடித்து அறிய இயலாது. அந்த நாலரை மணி நேரத்தை எண்ணெய் காய்ச்சுவதிற் கழிப்பவர், மரபைக் காக்கவில்லை. ஒரு மனிதனின் வலக் கையையும் வாய்ச்சொல்லையும் பறிக்கின்றார்.

வயிற்றுக் கட்டியின் கதையும் இதுவே. 1809 ஆம் ஆண்டில், மயக்கமருந்து வழக்கிற்கு வருமுன்னரே, அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்தில் மக்டவல் என்ற வைத்தியர் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டியை அகற்றினார், அவர் பிழைத்தார். 1881 இல் வியன்னாவில் பில்ரோத் புற்றுநோய் பற்றிய இரைப்பைப் பகுதியை வெட்டி நீக்கினார். அந்த வழியிலே சத்திரசிகிச்சை இன்று எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. இங்கோ, ‘குன்மம்’ என்று பெயரிட்டுக் கசாயம் காய்ச்சுகின்றனர். கட்டி வளர்ந்து கல்லீரல்வரை பரவியபின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கின்றனர். நோயாளி இறந்ததும், ‘கத்தி பட்டதாற் செத்தார்’ என்று தீர்ப்புச் சொல்கின்றனர்! கொன்றது கத்தியா, காலதாமதமா?

மரபின் பெயரால் வாதாடுவோர் சீனத்தைச் சற்றே நோக்கட்டும். து யூயூ என்ற பெண் விஞ்ஞானி நாலாம் நூற்றாண்டு வைத்திய நூலொன்றிற் கண்ட குறிப்பைக் கொண்டு பச்சிலை ஒன்றைச் சோதித்தார். 1972 இல் மலேரியாவுக்கு மருந்து பிறந்தது. 2015 இல் நோபல் பரிசு வந்தது. அதே சீனத்தில், மூளைக் குருதிப்பெருக்குக்கு வழங்கிவந்த மரபு மருந்தொன்றை 26 வைத்தியசாலைகளில் 1,600க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தனர். பயனில்லை என்ற முடிவை 2024 இல் உலகறிய வெளியிட்டனர். வென்றதைச் சொன்னார்கள், தோற்றதையும் சொன்னார்கள். மரபுக்குச் செய்யும் மரியாதை இதுவேயாகும்.

நாம் என்ன செய்தோம்? யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் நம்மிடம் உள்ளன. மேடைகளில் அவற்றைப் போற்றுகின்றோம். ஒரு மருந்தையாவது இவ்வாறு உரைகல்லில் இட்டுப் பார்த்தோமா? குடும்ப இரகசியம் என்று மூடிவைத்த முறை நோயாளிக்கும் உதவாது, நூலுக்கும் உதவாது.

இனி மற்றக் கட்சியாரைக் கேட்கின்றோம். ‘ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று யாரிடம் சொல்கின்றீர்கள்? அன்றாடக் கூலியை நம்பி வாழும் கமத் தொழிலாளியிடமும், கடலுக்குப் போய் மீளும் தொழிலாளியிடமும் அன்றோ? 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது, யாழ்ப்பாணம் அண்மித்தது. பாலம் வந்தால் போதுமா? நள்ளிரவில் வாகனம் வேண்டும்; துணைக்குச் செல்பவர் கூலியை இழக்க வேண்டும். சிகிச்சை இலவசம், அதனை அடையும் வழி இலவசமன்று. அடைந்தபின் கையிற் கிடைக்கும் அறிக்கையோ ஆங்கிலத்தில் இருக்கின்றது. பரியாரியாரோ அயலில் இருக்கின்றார், தமிழிற் பேசுகின்றார், நோயாளியைத் தொட்டுப் பார்க்கின்றார். ஏழை அவரிடம் செல்வதை மூடநம்பிக்கை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியுமா?

1847 இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார்; அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவர் மிசனோடு வந்தவர்; அது வேறு வழக்கு. ஆயினும், மக்கள் மொழியிலே நவீன வைத்தியம் வரமுடியும் என்பதை அன்றே மெய்ப்பித்தவர். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் ஒரு நோயாளி தன் வயிற்றுக் கட்டியின் பெயரைத் தன் மொழியில் அறியாது திரும்புகின்றார் என்றால், வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

எனவே நாம் வேண்டுவன இவை. முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், அந்தக் கணமே 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்க ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் அறிந்திருத்தல் வேண்டும். பரியாரியார்மார் அந்நோயாளியையும் வயிற்றுக் கட்டியுடையாரையும் தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும். ஆபத்து நீங்கியபின் உடலைத் தேற்றுவதில் சித்த வைத்தியத்துக்கு உள்ள இடம் எதுவெனப் பல்கலைக்கழகம் சோதித்துச் சொல்லுதல் வேண்டும். பூநகரி போன்ற ஊர்களை நாலரை மணி நேரத்தின் எல்லைக்குள் கொண்டுவருதல் அரசின் கடமை. இவற்றைக் கேட்பதற்கு இரு கட்சியாரும் ஒன்றுபடட்டும். நோயாளியின் தலைமாட்டில் நின்று வாதாடுவதை இன்றோடு நிறுத்தட்டும்.