மழைக்கு முன்னே குடை

ஜப்பானின் பெரிய பல்பொருள் அங்காடிகள் பலவற்றில், வெளியே மழை பிடித்துக்கொண்டால் உள்ளே ஒலிக்கும் பாட்டு மாறும். ஜன்னலே இல்லாத தளத்தில் நிற்கும் விற்பனைப் பெண்ணுக்கு அதுதான் தகவல். அதன்பின் அவர் கொடுக்கும் காகிதப் பைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை ஏறிவிடும். பையை வாங்குகிறவருக்கோ மழை பெய்வதே தெரிந்திருக்காது.

ஒமோதெனாஷி என்று ஜப்பானியர் சொல்லும் உபசார மனம் இதுதான். 2013இல் ஒலிம்பிக் போட்டியை டோக்கியோவுக்குக் கேட்டுப் பேசிய கிறிஸ்டெல் தகிகாவா அந்தச் சொல்லை மேடையில் அசை அசையாக உச்சரித்தார், அது உலகமெங்கும் பரவிவிட்டது. கூடவே, குனிந்து வணங்குவதும் சிரித்த முகமும்தான் அது என்ற எண்ணமும் பரவியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விருந்தாளி வருவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது.

இதன் வேர் தேநீர்ச் சடங்கில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ சொன்னதாக ஏழு விதிகள் வழங்குகின்றன. தண்ணீர் கொதிக்கும்படி கரியை அடுக்கு, கோடையில் குளுமையும் குளிரில் கதகதப்பும் இருக்கட்டும், மழை இல்லாவிட்டாலும் மழைக்குத் தயாராக இரு என்று போகும். கடைசி விதி, உடன் வந்திருக்கும் மற்ற விருந்தாளிகளையும் மனதில் வை என்பது. 'இதெல்லாம் எனக்கே தெரியுமே' என்றாராம் கேட்டவர். இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டால் நான் உங்களுக்குச் சீடனாகிறேன் என்றாராம் ரிக்யூ.

அவருடைய தேநீர் அறை வாசலின் உயரம் இரண்டடிக்குச் சற்றே கூடுதல். பிரபுவானாலும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்து, ஊர்ந்துதான் நுழைய வேண்டும். உள்ளே பெரியவர் சின்னவர் இல்லை. தனக்கு வந்த கிண்ணத்தைக் குடிக்கும் முன், அடுத்திருப்பவரிடம் 'உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன்' என்று விருந்தாளி சொல்லிக்கொள்வார். உபசாரத்தில் அவருக்கும் பங்குண்டு.

விருந்தாளியின் இந்தப் பங்கு மறந்துபோனதன் விளைவை ஜப்பானே அனுபவிக்கிறது. 'வாடிக்கையாளரே கடவுள்' என்ற வாசகம், பாடகர் மினாமி ஹருவோ மேடையில் தன் மனநிலையைச் சொல்லப் பயன்படுத்தியது. கடைச் சிப்பந்திகளை அதட்டுகிறவர்கள் அதை ஆயுதமாக்கிக்கொண்டார்கள். ஊழியர்களை வாடிக்கையாளர்கள் கொடுமைப்படுத்தக் கூடாது என்று டோக்கியோ நிர்வாகம் ஒரு சட்டமே இயற்றி, 2025 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது.

ஆனாலும் கேட்கும் முன்பே தயாராக இருக்கும் வழக்கம் அங்கே இன்னும் உண்டு. ஜப்பானிய வங்கிகளிலும் நகராட்சி அலுவலகங்களிலும் படிவம் எழுதும் இடத்தில், வெவ்வேறு பவரில் வெள்ளெழுத்துக் கண்ணாடிகள் வைத்திருப்பார்கள். நம் அஞ்சலகங்களில் 'கொஞ்சம் நிரப்பிக் குடுங்க தம்பி' என்று படிவத்தை நீட்டும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடிகள் நினைவுக்கு வரும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் பலரும். கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருப்பார்கள். வாய்விட்டுக் கேட்கும் நிலைக்கு அவர்களை விடுகிறோமே, அது எனக்கு வலிக்கிறது. மூன்று கண்ணாடிகளுக்கு மேலிடத்து உத்தரவு எதற்கு? கவுன்ட்டரில் இருப்பவரே வைக்கலாம்.

வீட்டில் நான் கடைப்பிடிப்பது ஒன்று உண்டு. எலக்ட்ரீஷியன் வருகிறார் என்றால், சுவிட்ச் போர்டை மறைக்கும் பீரோவை முன்பே நகர்த்திவிடுவேன். ஏணி தயாராக இருக்கும். எந்த அறையில், எதைப் போட்டால் ஃபியூஸ் போகிறது என்று பார்த்து வைத்திருப்பேன். அவருக்கு அரை மணி நேரம் மிச்சமாகும். அவருக்காகக் காத்திருக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும்தான்.