மணிக்கட்டில் மின்னல்

கே.கே. நகரில் என் அக்காள் பிள்ளை ஆடிட்டர் ஆபீஸ் திறந்திருக்கிறான். மணிக்கட்டில் தோசைக்கல் அளவுக்குத் தங்க நிறக் கடிகாரம்; தவணைக் கடன்! "வருகிறவர்கள் மதிக்க வேண்டாமா, மாமா?" என்றான். முதலில் வந்த மளிகைக் கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், ஃபீஸ் எவ்வளவு என்றார், போனவர்தான். 'நம் பணத்தில்தானே இது மின்னப் போகிறது' என்று தோன்றாதா?

பெரிய இடத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. கர்நாடக முதல்வர் சித்தராமையா, நண்பர் தந்ததாகச் சொன்ன ஹூப்ளோ கடிகாரத்தால் 2016-ல் சட்டசபையில் ஒரே கூச்சல். கடைசியில் அதைச் சபாநாயகரிடமே ஒப்படைத்தார்.

அடக்கமான அழகுக்கா பஞ்சம்? ஓசூர் டைட்டனின் 'எட்ஜ்' 2002-ல் வந்தது; தடிமன் 3.5 மில்லிமீட்டர்தான். சட்டைக் கைக்குள் அடங்கும்.

பையன் இப்போது அப்பாவின் பழைய எச்.எம்.டி.யைக் கட்டுகிறான். சாவி கொடுக்க மறந்துவிட்டு, நேற்று என்னிடம் மணி கேட்டான்!