முதல் மாலை யாருக்கு?



திருவிழா நெருங்கினாலே எங்க தொண்டர் குழுவுல ஒரே பேச்சுதான். எந்த வை.பி. வர்றாரு, முதல் மாலை யாருக்கு, முன்வரிசையில எத்தனை நாற்காலி? அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் போதுமான்னு கேக்க யாருமில்லை.

இந்த நேரத்துல நம்ம ஊர்க்காரர் ஒருத்தரை நினைச்சுப் பார்க்கிறோம். நாராயண பிள்ளை. பினாங்கில் கம்பெனி அரசாங்கத்தில் வேலை பார்த்தவர். 1819-ல் ராபிள்ஸோடு ‘இந்தியானா’ கப்பலேறி சிங்கப்பூர் போனார். அங்கே கட்டடம் கட்ட ஆளில்லை என்று பார்த்ததும், பினாங்குக்குச் சொல்லியனுப்பி கொத்தனார், தச்சர்களை வரவழைத்தார். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். அந்த ஊரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் அவர்தான். பிறகு ஜவுளிக்கடையும் வைத்தார்.

1822-ல் கடை தீப்பிடித்துச் சாம்பலாச்சு. சரக்கெல்லாம் வெள்ளைக்கார வியாபாரிகளிடம் கடனுக்கு எடுத்தது. ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போயிருக்கலாம். ஓடல. கடன்காரர்களிடம் தவணை கேட்டார், ராபிள்ஸிடம் முறையிட்டு கமர்ஷியல் ஸ்குவேரில் இடம் வாங்கி மறுபடி எழுந்தார்.

தேர்தல் இல்லாத காலம். ஆனாலும் இந்தியர்களுக்குத் தலைவர் அவர். தமிழர் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரமும் கையில் இருந்தது.

கோயில் விஷயம்தான் எங்களுக்கு முக்கியம். முதலில் தெலுக் ஆயரில் கிடைத்த இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. அடுத்த இடம் நகரத் திட்டத்துக்குப் பொருந்தல. 1823-ல்தான் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் அமைந்தது. 1827-ல் மரமும் அத்தாப்புக் கூரையுமாக அம்மன் கோயில் எழுந்தது. நம்ம குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கட்டியது 1833-ல்தான்!

2019 ஜனவரியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராபிள்ஸ் சிலை பக்கத்திலேயே இவருக்கும் சில நாள் சிலை வைத்தார்கள். பினாங்கில்? எங்க கோயில் வகுப்புப் பிள்ளைகள்கிட்ட கேட்டோம், ஒருத்தருக்கும் பேர் தெரியல.

பணமும் பதவியும் வந்தவங்க கோயிலுக்கு வரட்டும், சந்தோஷம். ஆனா வந்தவர் செஞ்சது என்னன்னு பார்த்து மாலை போடணும்கிறது எங்க கருத்து. வெறும் பதவிக்குன்னா, வரிசையில நிக்கட்டுமே. அந்த முன்வரிசை நாற்காலிகள் வயசான பாட்டிமார்களுக்கு. நிர்வாகத்துகிட்ட இதை எழுதியே கொடுக்கப் போறோம். சம்மதிக்கிறவங்க ஞாயிற்றுக்கிழமை அர்ச்சனை முடிஞ்சதும் கையெழுத்துப் போட வாங்க.