முப்பதாயிரமும் முஅத்தினும்

2026 ஜனவரியிலிருந்து இலங்கையில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அடிப்படையைச் சுருக்கி, படியைப் பெருக்கி, ஊழியர் சேமலாப நிதியின் சீ படிவத்தை நிரப்பும் பழைய வித்தைக்கு இனி இடம் குறைவு. சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 2,400, தொழில்தருநர் பங்கு 3,600, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 900. ஆள் ஒருவருக்கு முதலாளி கையிலிருந்து போவது 34,500. மருதமுனைத் தறிக்காரரும் கல்முனைப் புடவைக்கடைக்காரரும் சம்மாந்துறை ஆலைக்காரரும் கணக்காளர்களாகிய நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சேமலாப நிதிக்கான 20 வீதத்தையும் அந்த 30,000க்குள்ளேயே அடக்க ஏலாதா?" ஏலாது. தன் 12 வீதத்தை ஊழியர் சம்பளத்தில் கழிக்க முதலாளிக்கு உரிமையில்லை. அப்படிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் நம்மவர்கள் சிலரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

அமெரிக்காவின் 401(கே) ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டத்தோடு இந்த நிதியை ஒப்பிடுவதும் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் ஊழியர் போட்டால்தான் கம்பனியும் ஈடாகப் போடும். இங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருவரையும் கேட்காமலே கட்டச் சொல்கிறது. ஆனால் முடிவில் இரண்டும் ஒரே சாதி: கட்டியது எவ்வளவு, அதில் விளைந்தது எவ்வளவு, அவ்வளவுதான். மாறாக, அரச பாடசாலை ஆசிரியருக்குக் கடைசிச் சம்பளத்தை வைத்து மாதாமாதம் ஓய்வூதியம். அவர் மௌத்தானால் மனைவிக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். அதற்குப் பணம் தேடுவது திறைசேரியின் கவலை. சேமலாப நிதியில் முதலீடு நட்டப்பட்டால் அந்தக் கவலை அங்கத்தவர் தலையில்.

அந்தக் கவலை எப்படி இருக்குமென்று 2022 காட்டியது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், அந்த ஆண்டுக்கு நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடாமல் சேமலாப நிதியின் முறிகளைத் தொட்டார்கள். மாற்றிக் கொடுத்த முறிகளுக்கு 2025 வரை 12 வீதம், பிறகு 9. மாட்டேனென்றால் வருமான வரி 14இலிருந்து 30 வீதமாகும் என்ற மிரட்டல் வேறு. சம்பளம் கூடுகிற அதே நேரத்தில் முறி வட்டி இறங்குகிறது. சந்தா கூடியதைச் சொன்ன சுற்றறிக்கைகள் இதைச் சொல்லவில்லை.

இருந்தும் நிதிக்குள் இருப்பவருக்கு ஓய்வு வயதில் ஏதோ ஒரு தொகை கிடைக்கும். நாம் வருடக்கணக்காக எழுதி வருவது வெளியே நிற்பவரைப் பற்றி. பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியர் உள்ள தரும நிறுவனங்களுக்குச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. நமது பள்ளிவாசல்கள் பலவற்றில் சம்பளப் பட்டியல் என்ன? ஒரு கதீப், ஒரு முஅத்தின், துப்புரவுக்கு ஒருவர், சில இடங்களில் மக்தப் மௌலவி இருவர். ஐந்து பேர். முப்பது வருடம் சுபஹுக்குப் பாங்கு சொன்னவர் குரல் தளர்ந்து இறங்கும்போது சால்வையும் ஜும்ஆ வசூலும்தான் பணிக்கொடை. பணிக்கொடைச் சட்டமும் 15 பேருக்குக் கீழே எட்டிப் பார்ப்பதில்லை. மினாராவுக்கு டைல்ஸ் ஒட்ட இலட்சக்கணக்கில் சேர்க்கிற சபை, கீழே நிற்கிற மனிதனுக்கு மாதம் 3,600 ஒதுக்கத் தயங்குகிறது. சட்டமும் தயங்கச் சொல்லித்தான் கொடுக்கிறது.

தோட்டம், தொழிற்சாலை, கடை என்று எல்லாவற்றையும் எண்ணிய அதிகாரிகளுக்கு இந்த ஐந்து பேர் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை? சம்பளத்தை உயர்த்தத் திருத்தம் கொண்டுவர முடிந்தது. ஒரு விலக்கை நீக்க ஆறு தசாப்தம் போதவில்லை. கொழும்பில் யாருக்கும் இது அவசரமில்லை. பன்சலையிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் இதே நிலையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையாவது அவர்கள் பார்க்கலாம்.

அந்த விலக்கு நீக்கப்பட வேண்டும். இதுவே எமது நிலைப்பாடு. நீங்கும்வரை, பள்ளிவாசல் கணக்குகளில் கையொப்பமிடும் நம்மவர்களே, அன்பளிப்பு என்று எழுதப்பட்ட மாதக் கொடுப்பனவைச் சம்பளம் என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஓய்வுகால ஒதுக்கு ஏதும் இல்லையென்றால், இல்லையென்று கணக்காய்வுக் குறிப்பில் பதியுங்கள்.